உங்களுக்குத் தெரியுமா? வாள் கட்டிய உடும்பும் கப்பலேறிய காக்கையும்

கோட்டு மாட்டிய முயல், கண்ணாடி போட்ட ஆந்தை, குடை பிடித்த தவளை, மரத்தடியில் அண்ணாந்து நிற்கும் நரி. பழைய சிறுவர் படப் புத்தகங்களில் குடியிருந்த இந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். கொஞ்சம் நின்று பார்த்தால் ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் ஒரு காடோ ஒரு கடற்பயணமோ தெரியும். அவற்றில் சில ஜொகூரில் இருக்கும் நமக்கு மிகவும் பக்கத்தில் நடந்தவை.

●

சாங் கஞ்சிலுக்குக் கொம்பு கிடையாது!

மலாய்க் கதைகளின் நாயகனான சாங் கஞ்சிலைக் குட்டி மான்போல வரைந்து, தலையில் இரண்டு சின்னக் கொம்புகளையும் நட்டுவிடும் ஓவியர்கள் உண்டு. உண்மையான கஞ்சிலுக்கு ஆணானாலும் பெண்ணானாலும் கொம்பு முளைப்பதில்லை. அதற்குப் பதிலாக ஆண் விலங்குக்கு மேல் தாடையிலிருந்து இரண்டு கோரைப் பற்கள் கீழ்நோக்கி நீண்டிருக்கும். உருவம் மான்போல இருந்தாலும் அது மான் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல; தனிக் குடும்பம். எடை ஏறக்குறைய 2 கிலோ, உடல் நீளம் 45 சென்டிமீட்டர் அளவு. உலகின் மிகச் சிறிய குளம்பு விலங்குகளில் ஒன்று. தமிழ்நாட்டு மலைக்காடுகளில் இதன் உறவினர் இருக்கிறது; சருகுமான் என்போம். அதன் உடம்பில் வெண்புள்ளிகளும் கோடுகளும் இருக்கும். நம் கஞ்சிலுக்குக் கழுத்தடியில் மட்டும் வெள்ளைப் பட்டைகள்.

யானையையும் புலியையும் முதலையையும் ஏமாற்றும் வீரன், கையில் தூக்கினால் பூனை எடைகூட வராத பிராணி. கொம்பை வரைந்தவுடன் அந்த வேடிக்கை பாதி போய்விடுகிறது என்பது என் எண்ணம்.

●

இனி, எனக்கு மிகவும் பிடித்த கதை.

1901இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம், மலாய்த் தீபகற்பத்தின் நாட்டுப்புற விலங்குக் கதைகளை ஆங்கிலத்தில் ஒரு நூலாக வெளியிட்டது. தொகுத்தவர் சிலாங்கூரில் அரசுப் பணியில் இருந்த வால்டர் ஸ்கீட். படங்களை வரைந்தவர் எஃப். எச். டவுன்செண்ட், பின்னாளில் லண்டனின் புகழ்பெற்ற 'பஞ்ச்' நகைச்சுவை இதழுக்கு ஓவிய ஆசிரியராக ஆனவர். மலாய்ச் சுவடிகளில் உருவப் படங்கள் மிக அரிது என்பதால், கஞ்சிலும் அதன் கூட்டமும் படங்களோடு அச்சேறிய முன்னோடி நூல்களில் இதுவும் ஒன்று.

அந்த நூலில் நீர்நாயின் குட்டிகளைக் கொன்றது யார் என்று விசாரிக்கும் கதை வருகிறது. நீர்நாய் இரை தேடப் போகும்போது குட்டிகளைக் கஞ்சிலிடம் விட்டுச் செல்கிறது. திரும்பி வந்தால் குட்டிகள் மிதிபட்டுக் கிடக்கின்றன. வழக்கு சுலைமான் அரசரிடம் போகிறது. "மரங்கொத்தி போர் முரசு கொட்டியது, நான் போர் நடனம் ஆடினேன், குட்டிகள் காலடியில் இருந்ததை மறந்துவிட்டேன்" என்பது கஞ்சிலின் வாக்குமூலம். ஏன் முரசு கொட்டினாய் என்று மரங்கொத்தியைக் கேட்டால், பெரிய உடும்பு வாள் கட்டிக்கொண்டு வந்ததாம். உடும்பைக் கேட்டால், ஆமை கவசம் அணிந்து வந்ததாம். ஆமையைக் கேட்டால், குதிரைலாட நண்டு ஈட்டியை இழுத்துக்கொண்டு போனதாம். நண்டைக் கேட்டால், ஆற்று இறால் வேலைத் தோளில் சாய்த்து நின்றதாம். இறாலைக் கேட்டால், நீர்நாய் தன் குஞ்சுகளைத் தின்ன ஆற்றில் இறங்கியதாம்! குற்றம் சுற்றிச் சுற்றி வழக்குப் போட்ட நீர்நாயின் தலையிலேயே வந்து விழுகிறது.

வேடிக்கை இங்கேதான் இருக்கிறது. இந்தக் கதையில் யாரும் எதையும் புதிதாக மாட்டிக்கொள்ளவில்லை. உடும்பின் வாள் அதன் வால். ஆமையின் கவசம் அதன் ஓடு. குதிரைலாட நண்டின் ஈட்டி, பின்னால் நீண்டிருக்கும் அந்தக் கூரிய முள். மரங்கொத்தி தட்டுவது தினமும் தட்டுவதுதான். கஞ்சிலின் நடனமும் கற்பனையில்லை: மிரண்டாலோ சினந்தாலோ அது பின்னங்கால்களால் தரையைப் படபடவெனத் தட்டும், விலங்கியலாளர்கள் பதிவு செய்திருக்கிற பழக்கம். காட்டோரத்தில் வாழ்ந்தவர்கள் விலங்கின் உடம்பை ஊன்றிப் பார்த்து, அதிலிருந்தே உடுப்பையும் ஆயுதத்தையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். விலங்குக்குச் சட்டை போடும் எந்த ஓவியரும் இந்தக் கதையை ஒருமுறை படித்துவிட்டுத் தூரிகையை எடுப்பது நல்லது.

●

அந்தக் குதிரைலாட நண்டை நேரில் பார்க்க வேண்டுமா? ஜொகூரின் கோத்தா திங்கிக்குப் போங்கள். பெலாங்காஸ் என்ற மலாய்ப் பெயரில், சுட்டுத் தருவதற்குப் பேர்போன ஊர் அது. தின்பதைவிட அதன் ஈட்டியைப் பார்ப்பதற்காகப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம்.

●

பஞ்சதந்திரத்தில் தந்திரக்காரர்கள் நரிகள். கரடகன், தமனகன் என்ற இரண்டு நரிகளின் பேச்சில்தான் முதல் தந்திரமே நகர்கிறது. மலாய்த் தீபகற்பத்துக் காடுகளிலோ நரி கிடையாது. அந்த இடத்தில் இங்கே வந்து உட்கார்ந்தது கஞ்சில்.

தமிழ்ப் புத்தக ஓவியர்கள் செய்த இன்னொரு மாற்றத்தையும் கவனியுங்கள். செம்பட்டை மேனி, வெள்ளை நுனி கொண்ட புசுபுசு வால் என்று வரைகிறார்களே, அது ஐரோப்பாவின் செந்நரி. ஈசாப் கதைப் புத்தகங்களின் படங்களிலிருந்து வந்து குடியேறியது. தமிழ்நாட்டு நரிக்குச் சாம்பலும் பழுப்பும் கலந்த மேனி, மெலிந்த வால், எப்போதும் பசித்த முகம். அந்த முகத்தை வரைந்தால் கதைக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கும்!

●

தமிழிலிருந்து மலாய்க்குப் பஞ்சதந்திரம் போனது எப்போது தெரியுமா? 1835இல், மலாக்காவில்.

மொழிபெயர்த்தவர் முன்ஷி அப்துல்லா. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படுகிறவர். அரபு, தமிழ் வழி வந்த குடும்பத்தில் மலாக்காவில் பிறந்தவர். தமிழை முறையாகக் கற்றவர். தம்பி முத்து வீரபத்தர் என்ற தமிழ் நண்பரின் துணையோடு இந்த வேலையைச் செய்தார். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னால், 1826இல், தாண்டவராய முதலியாரின் தமிழ் உரைநடைப் பஞ்சதந்திரம் சென்னையில் அச்சாகியிருந்தது. காக்கையும் பாம்பும் சிங்கமும் முயலும் தமிழ்நாட்டிலும் மலாயாவிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் புது உரைநடையில் பேசத் தொடங்கின என்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஜொகூருக்கும் இந்தக் குடும்பத்தில் பங்குண்டு. அப்துல்லாவின் மகன் முகமது இப்ராகிம் முன்ஷி ஜொகூர் அரசுப் பணியில் சேர்ந்து, டத்தோ பெந்தாரா டாலாம் என்ற உயர்ந்த பட்டம் பெற்றார். தந்தையைப் போலவே பயண நூல் எழுதிய அவர் 1904இல் காலமானார்.

●

விலங்குக் கதைக்குப் படம் எதற்கு என்ற கேள்விக்கு 8ஆம் நூற்றாண்டிலேயே விடை எழுதிவைத்துவிட்டார்கள். பஞ்சதந்திரத்தின் அரபு வடிவம் 'கலீலா வ திம்னா'. நம் கரடகனும் தமனகனும்தான் கலீலாவும் திம்னாவும் ஆனார்கள். மொழிபெயர்த்த இப்னுல் முகஃபா தம் முன்னுரையில் நூலின் நோக்கங்களைச் சொல்லும்போது, பல வண்ணங்களில் விலங்குகளின் உருவங்களைக் காட்டி அரசர்களின் உள்ளத்தை மகிழ்விப்பதையும் அவற்றில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். இன்று கிடைக்கும் மிகப் பழைய படச் சுவடி 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

●

பாட்டியின் வடையைத் தூக்கிய காக்கையும் நம்மைப் போலவே கப்பலேறி வந்ததுதான்.

ஊர்க்காக்கை மலாயாவின் பூர்வீகப் பறவை அல்ல. காப்பித் தோட்டங்களில் புழுத் தொல்லை தாங்காமல், 1890களில் இலங்கையிலிருந்து அதைக் கொண்டுவந்து கிள்ளானில் பறக்கவிட்டார்கள். காப்பி போய்விட்டது, ரப்பர் வந்தது, செம்பனை வந்தது, காக்கை போகவேயில்லை. தோட்டத்துப் பாட்டிமார் லயத்து வாசலில் உட்கார்ந்து வடைக் கதை சொன்னபோது, மேற்குக் கரையூர்களில் பிள்ளைகளுக்குக் காட்ட நிஜக் காக்கையே கூரையில் இருந்தது.

ஊர்க்காக்கையின் கழுத்து சாம்பல் நிறம். படப் புத்தகக் காக்கையோ உச்சி முதல் வால் வரை ஒரே கறுப்பு. கறுப்பு மசி ஒன்றை வைத்தே அச்சடித்த காலத்தில் அது சுலபமாக இருந்திருக்கும். இன்று நான்கு வண்ண அச்சு வந்த பிறகும் கழுத்தை மறந்துவிடுகிறார்களே என்பதுதான் வருத்தம்.

●

'அ'வுக்கு அணில். தமிழ்ப்பள்ளியில் கால் வைத்த எல்லாருக்கும் முதல் விலங்கு அதுதான். முதுகில் மூன்று கோடு, பக்கத்தில் இராமர் கதை.

அந்த மூன்று கோட்டு அணில் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு, மலேசியாவில் இல்லை. ஜொகூரில் ரம்புத்தான் மரத்தில் ஓடுகிற அணிலுக்கு முதுகில் கோடு கிடையாது. விலாவில் கறுப்பும் வெளிர்மஞ்சளுமாகப் பட்டை, வயிறு செங்கல் நிறம். குளுவாங்கிலும் சிகாமட்டிலும் தோட்டப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் புத்தகத்தில் ஓர் அணிலையும் சன்னலுக்கு வெளியே வேறோர் அணிலையும் பார்த்து வளர்ந்தவர்கள். 'ஒ'வுக்கு வந்த ஒட்டகத்தை அவர்கள் வெளியே எங்கேயும் பார்த்திருக்க முடியாது. இரண்டு அணிலையும் அருகருகே வரைந்து, இது தாத்தா ஊர் அணில், இது நம் ஊர் அணில் என்று காட்டும் அகரவரிசைப் புத்தகம் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

●

அகரவரிசைக்கு விலங்கை அழைப்பது பழைய வழக்கம். 1658இல் நியூரம்பெர்க்கில் கொமேனியஸ் என்ற கல்வியாளர் வெளியிட்ட படப் பாடநூலைத்தான் குழந்தைகளுக்கென்றே அமைந்த முதல் படப் புத்தகம் என்பார்கள். அதில் எழுத்துகளை விலங்குகளின் குரலால் சொல்லிக்கொடுத்தார். முதல் எழுத்துக்கு அவர் தேர்ந்த குரல் எது தெரியுமா? காக்கை!

●

மலேசியாவில் மலாய்ச் சிறுவர் நூல்களைப் பெருமளவில் வெளியிட்டு வரும் டேவான் பஹாசா டான் புஸ்தாகா பிறந்த ஊர் கோலாலம்பூர் இல்லை. 1956 ஜூன் 22 அன்று, பாலாய் புஸ்தாகா என்ற பெயரில், ஜொகூர் பாருவில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சிங்கப்பூரிலும் ஜொகூர் பாருவிலும் கூடிய மலாய் மொழி மாநாட்டையொட்டி இன்றைய பெயரைப் பெற்றது. 1957இல் தலைநகருக்கு இடம் மாறியது.

●

மலேசியாவின் முதல் உயிரோவியக் குறும்படம் 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்'. 1978இல் உருவானது, தொலைக்காட்சியில் மக்கள் பார்த்தது 1983இல். இயக்கியவர் பிலிம் நெகாரா நிறுவனத்தின் கலைஞர் ஆனந்தம் சேவியர். அவருக்குப் பிறகு ஹசான் முத்தாலிப் 1984இல் கஞ்சிலையும் குரங்கையும், 1987இல் கஞ்சிலையும் முதலையையும் திரையில் ஓடவிட்டார்.

புத்தகப் பக்கத்தில் அசையாமல் நின்ற கஞ்சிலைத் திரையில் முதலில் நடக்கவைத்தவரின் பெயரில் 'ஆனந்தம்' இருப்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். பள்ளிப் பாடநூலில் ஒரு வரியாவது அவருக்கு ஒதுக்கலாம்.

●

முதலைகளை வரிசையாக நிறுத்தி, எண்ணுவதாகச் சொல்லி, முதுகில் மிதித்து ஆற்றைக் கடக்கும் கஞ்சிலின் கதையைப் போலவே ஜப்பானில் ஒரு முயல் கதை இருக்கிறது. அது 712ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட 'கொஜிக்கி' நூலிலேயே வந்துவிட்டது.

●

அம்புலிமாமாவைச் சொல்லாமல் இந்தப் பகுதியை எழுத முடியாது.

1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் தொடங்கிய இதழ்; தெலுங்கில் சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா. வடபழனியில் அச்சாகிக் கடல் தாண்டி மலாயா, சிங்கப்பூர் கடைகளுக்கும் வந்தது. ஒரு பிரதி ஒரு லயம் முழுக்கச் சுற்றிவிட்டு, அட்டை கிழிந்து திரும்பிவரும்.

அதன் ஓவியர்களில் 'சித்ரா' என்ற பெயரில் வரைந்த டி. வி. ராகவன், எம். டி. வி. ஆச்சார்யா, வட்டாதி பாபய்யா ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். 1952இல் வந்து சேர்ந்தவர் சங்கர் என்கிற கே. சி. சிவசங்கரன். தாராபுரம் பக்கத்துக்காரர், சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர், முதலில் கலைமகளில் வரைந்தவர். வேதாளத்தைத் தோளில் சுமந்து வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை நம் கண்ணில் நிறுத்தியவர் அவர்தான். அறுபது ஆண்டுகளை ஒட்டி அந்த இதழுக்காகவே வரைந்தார். 2020இல் காலமானார், மறு ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அம்புலிமாமா விலங்குகளுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அவற்றுக்குச் சட்டை கிடையாது, கண்ணாடி கிடையாது. சிங்கம் சிங்கமாகவே இருக்கும். குரங்கு குரங்காகவே கிளையில் உட்கார்ந்திருக்கும். பேசும்போது மட்டும் கழுத்தின் சாய்விலும் கண்ணின் பார்வையிலும் ஒரு மனிதர் தெரிவார். ஜாதகக் கதைகளுக்கும் பஞ்சதந்திரத்துக்கும் அந்த அடக்கம் எவ்வளவு அழகாகப் பொருந்தியது! மேலைநாட்டுப் படங்களின் உடுப்பு வேடிக்கையை நானும் ரசிப்பேன். ஆனாலும் உடுப்பே இல்லாமல் ஒரு யானையை வெட்கப்பட வைப்பது அதைவிடக் கடினமான கலை.

●

1984இல் வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்டு வெளிவரத் தொடங்கிய 'பூந்தளிர்' படித்தவர்களுக்குக் கபீஷ் குரங்கை நினைவிருக்கும். எழுதியவர் அனந்த் பை, வரைந்தவர் மோகன்தாஸ். வேண்டும்போதெல்லாம் வால் நீளும். பந்திலா யானை, பீலு புலி, சிகால் நரி, வேடன் தோப்பையா என்று ஒரு காடே அந்த வாலைச் சுற்றி ஓடியது. மூன்று கட்டத்துக்குள் வால் எங்கெங்கோ வளைந்து போய்க் கடைசிக் கட்டத்தில் எதிரியின் காலைச் சுற்றும். படக்கதைக்கு அதைவிட நல்ல கருவி ஏது?

●

வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை 1861இல் லண்டனில் ஆங்கிலப் படப் புத்தகமாக வந்தது. பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கி, அது விழுந்த புதரிலிருந்து ஓடிய முயலைக் குதிரைக் குட்டி என்று துரத்தும் அந்தச் சீடர்களை வரைந்தவர், ஆல்ஃபிரட் குரோக்வில் என்ற புனைபெயர் கொண்ட விக்டோரியா கால நகைச்சுவை ஓவியர். தமிழில் எழுதப்பட்ட ஒரு வேடிக்கைக் கதைக்கு லண்டன் ஓவியர் ஐம்பது படங்கள் போட்டார்!

●

இன்னொரு புத்தகமும் சென்னை மாகாணத்தில் பிறந்தது; அதைப் பற்றிச் சொல்லும்போது மனம் கனக்கிறது.

1899இல் வெளிவந்த 'லிட்டில் பிளாக் சாம்போ'வை எழுதி வரைந்தவர் ஹெலன் பேனர்மன். மருத்துவராகப் பணியாற்றிய கணவரோடு சென்னையில் வாழ்ந்தவர். வெயிலுக்கு அஞ்சிப் பெண் பிள்ளைகளைக் கொடைக்கானலில் விட்டுவிட்டுத் திரும்பும் ரயில் பயணத்தில், அவர்களுக்காக எழுதியது என்பார்கள். கைப்பிரதி 5 பவுனுக்குக் கைமாறியது. சிறுவனின் உடுப்புகளைப் பிடுங்கிக்கொண்ட புலிகள், யார் பெரியவன் என்ற சண்டையில் மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி நெய்யாக உருகிவிடுகின்றன. கற்பனை அற்புதம், ஒவ்வொரு புலியும் தனித் தனிக் கர்வம் கொண்டது. ஆனால் கறுத்த பிள்ளையின் முகத்தைக் கேலிச் சித்திரமாக்கியிருந்த விதம் பல தலைமுறைக் குழந்தைகளைப் புண்படுத்தியது. வேற்றுப் பதிப்பாளர்கள் அந்தக் கேலியை இன்னும் மோசமாக்கினார்கள். 1996இல் ஃபிரெட் மார்செலினோ அதே கதையை இந்தியக் குடும்பப் பெயர்களோடு, கண்ணியமான முகங்களோடு புதிதாக வரைந்தார். பிள்ளைகளுக்கு வாங்குவதானால் அந்தப் பதிப்பை வாங்குங்கள். புலிகள் அதிலும் நெய்யாகத்தான் உருகுகின்றன.

●

தபீர் சாப்பாட்டு மேசைக்கு வந்த கதை தெரியுமா?

முன்புறம் கறுப்பு, நடுவில் வெள்ளை, பின்புறம் கறுப்பு, நுனியில் சின்னத் துதிக்கை. மலாயில் தெனுக் எனப்படும் தபீரைப் பார்த்தால் ஏதோ குழந்தை வண்ணம் தீட்டி முடிக்காமல் விட்டதைப் போலிருக்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவில் ஆங்கிலேயரின் ஆட்சிப் பிரதிநிதியாக (ரெசிடெண்ட்) இருந்த வில்லியம் ஃபார்க்குவார் ஒன்றை வீட்டிலேயே வளர்த்தார். அது நாயைப்போலப் பழகி, உணவு வேளையில் மேசைக்குப் பக்கத்தில் வந்து ரொட்டியும் கேக்கும் வாங்கித் தின்னும் என்று எழுதிவைத்திருக்கிறார்.

அவர் சீன ஓவியர்களை அமர்த்தி இந்தத் தீபகற்பத்தின் விலங்குகளையும் செடிகொடிகளையும் வரையச் செய்தார். 477 படங்கள் இன்று சிங்கப்பூர்த் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்தவர்களின் பெயர்கள் மட்டும் பதிவாகவில்லை. விலங்கு அறிவியலுக்காக வரையப்பட்டது. அது நிற்கும் பாறையும் புல்லும் சீன ஓவிய மரபில் வந்தவை. ஜொகூரிலிருந்து பாலம் தாண்டினால் எட்டிவிடும் தூரம்தான். பிள்ளைகளோடு ஒருநாள் போய் வரலாம்.

●

முயலுக்கு நீலக் கோட்டு மாட்டிய பியாட்ரிக்ஸ் பாட்டர் விளையாட்டாக வரைந்தவர் அல்லர். சிறுமியாக இருந்தபோது தம்பியோடு சேர்ந்து, செத்துக் கிடந்த பிராணிகளை வேகவைத்து எலும்புக்கூட்டைப் பிரித்து வரைந்து பழகியவர். காளான்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர். அவரது காளான் கட்டுரை 1897இல் லண்டன் லின்னேயன் கழகத்தில் வாசிக்கப்பட்டது. பீட்டர் முயல் பிறந்தது 1893 செப்டம்பர் 4 அன்று, நோய்ப் படுக்கையில் இருந்த ஐந்து வயதுச் சிறுவனுக்கு அவர் எழுதிய படக் கடிதத்தில். பதிப்பாளர்கள் மறுத்துவிட்டதால் 1901இல் சொந்தச் செலவில் 250 பிரதி அச்சிட்டார். அந்தக் கோட்டைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்; உள்ளே இருப்பது எலும்பு எலும்பாகச் சரியான முயல்.

●

பனிக்காட்டில் தாத்தா தவறவிட்ட கையுறைக்குள் எலி, தவளை, முயல், நரி, ஓநாய், காட்டுப்பன்றி, கரடி என்று ஒவ்வொன்றாகக் குடியேறும் உக்ரைன் நாட்டுப்புறக் கதையை 1951இல் வரைந்தவர் யெவ்கேனி ராச்சேவ். குடியேற்றம் கூடக் கூடக் கையுறைக்குச் சன்னல் வரும், புகைபோக்கி வரும். விலங்குகள் அந்த ஊர் உடுப்பில் வரும். இப்படிப்பட்ட சோவியத் படங்களின் அழகைத் தமிழ்க் குழந்தைகள் அறிந்தது மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியாக மலிவு விலையில் வந்த நூல்களால்தான்.

●

லேடிபேர்டு வரிசையின் முதல் சின்னப் புத்தகம் 1940இல், போர்க் காலத் தாள் பஞ்சத்தில் வந்தது. முயல் பிள்ளைகளின் உல்லாசப் பயணக் கதை. 40க்கு 30 அங்குலம் கொண்ட ஒரே தாளில் முழுப் புத்தகத்தையும் அச்சிட்டு, மடித்து வெட்டினால் 56 பக்கம். ஒரு துண்டுகூட வீணாகாது. கையடக்கமான அந்த அளவு அப்படித்தான் பிறந்தது.

●

இலங்கையின் சிபில் வெத்தசிங்க 1956இல் வரைந்த குடைத் திருடன் கதையில், ஊரார் குடைகளையெல்லாம் காணாமற்போக்கும் திருடன் ஒரு குரங்கு!

●

பழைய படப் புத்தகம் உங்கள் வீட்டில் இருக்கிறதா? முதலில் நடுவில் அடித்த கம்பியைப் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அது துருப்பிடித்துத் தாளையும் தின்றுவிடும். மெதுவாகக் கழற்றிப் பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். கிழிசலுக்குச் செலோடேப் வேண்டவே வேண்டாம், பசை மஞ்சளாகிப் படத்தில் ஊறிவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்கினால் உள்ளே பூஞ்சை பூக்கும். வெயில் படாத அலமாரியில், சுவரை ஒட்டாமல், காற்றோட்டமாக நிற்க வையுங்கள். இராமபாணப் பூச்சிக்கு அட்டையின் பசை மிகவும் பிடித்த உணவு. மாதம் ஒருமுறை எடுத்துத் தட்டிப் புரட்டுங்கள். புரட்டும் சாக்கில் பிள்ளைகளும் பார்க்கட்டும்.

●

ஜொகூர் விலங்குக்காட்சிச் சாலை 1928இல் சுல்தான் இப்ராகிம் அமைத்தது. பொதுமக்களுக்குக் கதவு திறந்தது 1962இல். ஜொகூர் அரசுச் சின்னத்தின் இருபுறமும் நிற்பவை புலிகள். மலாக்கா சின்னத்தில் இரண்டு கஞ்சில்கள். மலேசியாவின் பெரோடுவா நிறுவனம் 1994இல் தன் முதல் காருக்குப் பெயர் தேடியபோது காட்டின் பெரிய விலங்குகளையெல்லாம் விட்டுவிட்டுச் சூட்டிய பெயர், கஞ்சில்.